தன் பக்கத்து நிறுவலைச் சோதித்தவர்

விவாதங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒருவர் முன்வைக்கும் முடிவு எமக்கும் உடன்பாடானது. ஆனால் அந்த முடிவுக்கு அவர் வந்துசேரும் வாதம் பிழையானது. அந்தப் பிழையை நாம் பகிரங்கமாகச் சொல்லவேண்டுமா? எமது புகலிடச் சந்திப்புகளிலும் சஞ்சிகைகளிலும் இக்கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வியையே நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: “நீர் இப்பிடிச் சொல்லுறதால ஆருக்கு லாபம்?” இக்கேள்வி எழுந்தவுடன் வாதத்தின் சரிபிழை பின்னுக்குப் போய்விடும். சொன்னவர் எந்தப் பக்கம் என்பது மட்டுமே மிஞ்சும். எமது அண்மைய வரலாற்றில் இதற்கு நாம் கொடுத்த விலையை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

அரசியல் எடுத்துக்காட்டுகள் உடனே எமது பழைய காயங்களைக் கிளறிவிடும். ஆகவே எம்மில் எவருக்கும் சொந்தப் பகை இல்லாத ஒரு துறையிலிருந்து, பௌதிகத்தினதும் கணிதத்தினதும் மெய்யியல் வரலாற்றிலிருந்து, ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். அதன் மையத்தில் இருப்பவர் கிரேற்றே ஹேர்மான். அவரது பெயரை நான் முதன்முதலில் கண்டது வேர்னர் ஹைசன்பேர்க் 1969 இல் வெளியிட்ட நினைவு நூலில். காண்டின் தத்துவத்தை விட்டுக்கொடுக்காமல் தம்முடன் வாதிட வந்த இளம் மெய்யியலாளர் என்று ஹைசன்பேர்க் அவரை மரியாதையோடு அறிமுகப்படுத்துகிறார். அந்த அத்தியாயத்தில் காரணகாரியம் பற்றி நிறையப் பேசப்படுகிறது. ஆனால் ஹேர்மானின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு அதில் இடம்பெறவில்லை.

1

ஹேர்மான் 1901 இல் வட ஜேர்மனியின் துறைமுக நகரான பிறேமனில் பிறந்தார். கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் எம்மி நோதரின் வழிகாட்டலில் தனது கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தார். நவீன அட்சரகணிதத்தின் அடித்தளத்தையே மாற்றியமைத்தவர் நோதர். இருந்தும், பெண் என்ற காரணத்தால் அங்கு தன் பெயரில் விரிவுரை நிகழ்த்தும் உரிமைக்கு 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1933 இல் நாசிகளின் அரச ஊழியர் சட்டம், யூதரான அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது. அமெரிக்கா சென்ற அவர் 1935 ஏப்ரலில் அங்கேயே காலமானார்.

ஹேர்மானின் ஆய்வேடு 1926 இல் பிரசுரமாயிற்று. அது எடுத்துக்கொண்ட பிரச்சினையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். சில பல்லுறுப்பிகள் தரப்பட்டுள்ளன. வேறொரு பல்லுறுப்பியை இவற்றின் பெருக்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா, முடியாதா? இத்தகைய கேள்விகளில் விடை ஒன்று உண்டு என்பதை, அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லாமலே நிறுவிவிடும் முறையை ஹில்பேர்ட் வளர்த்திருந்தார். ஹேர்மான் அதோடு திருப்தியடையவில்லை. முடிவுள்ள எண்ணிக்கையான படிகளில் விடையை அடையலாம் என்று ஒருவர் சொன்னால், எத்தனை படிகளுக்கு மேல் அது போகாது என்ற எல்லையையும் அவர் முன்கூட்டியே தரவேண்டும் என்றார்; அந்த எல்லையைத் தானே கணித்தும் காட்டினார். கணிக்கும் இயந்திரம் பற்றிய அலன் ரியூறிங்கின் கட்டுரை வெளிவருவதற்கு அப்போது இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. இன்று கணினி அட்சரகணிதத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த ஆய்வேட்டைத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் கொள்கின்றனர். அதன் நிறுவல்களில் இருந்த சில குறைகளை 1974 இல் ஸைடன்பேர்க் திருத்தினார். அந்த எல்லை மலைக்கவைக்கும் அளவு பெரிதாக இருப்பது ஹேர்மானின் முறையின் குறை அல்ல, பிரச்சினையின் இயல்பே அதுதான் என்பதை 1982 இல் மாயர், மேயர் என்ற இருவர் நிறுவினர்.

இந்த ஆய்வேட்டில் ஒரு மனப்பழக்கம் தெரிகிறது. “நிறுவப்பட்டுவிட்டது” என்று சொல்லப்பட்டதும் அவர் தலையாட்டிவிட்டுப் போவதில்லை. எதை எடுகோளாகக் கொண்டீர்கள், எந்தப் படியால் அங்கு சென்றீர்கள் என்று கேட்கிறார்.

2

பட்டம் பெற்றபின் ஹேர்மான் கணிதத் துறையில் தொடரவில்லை. கொட்டிங்கனில் இருந்த மெய்யியலாளர் லெயோனார்ட் நெல்சனின் உதவியாளரானார். நெல்சன், காண்டின் வழியையும் அதை விரித்த பிறீஸின் வழியையும் பின்பற்றியவர். எமது அன்றாடத் தீர்ப்புகளிலிருந்து பின்னோக்கிச் சென்று, அவை எந்த எடுகோள்களின் மேல் நிற்கின்றன என்று தோண்டிப்பார்ப்பது அவரது முறை. நெல்சன் அரசியலிலும் இறங்கியவர். சமூக ஜனநாயகக் கட்சியிலிருந்து விலக்கப்பட்ட அவரும் அவரது தோழர்களும் சர்வதேச சோஷலிசப் போராட்டக் கழகம் என்ற சிறிய அமைப்பை உருவாக்கினர். மது அருந்தக்கூடாது, இறைச்சி உண்ணக்கூடாது, திருச்சபையை விட்டு விலகவேண்டும் என்பன அதன் உறுப்பினருக்கான விதிகள். பெரும்பான்மை வாக்குகளால் உண்மையைத் தீர்மானிக்க முடியாது, அறிவில் சிறந்தவர்களே தலைமை தாங்கவேண்டும் என்பது நெல்சனின் உறுதியான நிலைப்பாடு.

1927 இல் நெல்சன் 45 வயதில் இறந்தார். அவரது எழுத்துகளைப் பதிப்பிக்கும் பொறுப்பைக் கல்வியாளரான மின்னா ஸ்பெக்டுடன் சேர்ந்து ஹேர்மான் ஏற்றார். 1932 யூலைத் தேர்தலுக்கு முன்பு, ஹிட்லரைத் தடுக்கச் சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றிணைய வேண்டும் என்று இக்கழகம் விடுத்த அவசர அழைப்பில் ஐன்ஸ்ரைன், ஓவியர் கேற்றே கொல்விற்ஸ் போன்றோர் கையொப்பமிட்டனர். அந்த ஒற்றுமை நடக்கவில்லை. அதன்பின் நடந்தது எமக்குத் தெரியும். 1933 க்குப் பின் கழகம் தலைமறைவாக இயங்கியது. ஜேர்மனிய நகரங்களில் அதன் உறுப்பினர்கள் நடத்திய மரக்கறி உணவகங்கள் எதிர்ப்பு வேலைக்கான பணத்தைத் திரட்டவும் ஆட்கள் சந்திக்கவும் பயன்பட்டன.

இந்தச் சூழலில்தான், தலைமறைவு அரசியலில் இருந்துகொண்டே, ஹேர்மான் குவாண்டம் பௌதிகத்தைப் படிக்கத் தொடங்கினார்.

3

அவரை அதற்குள் இழுத்தது காரணகாரியம் பற்றிய கேள்வி. காண்டின் வழிவந்தவர்களுக்கு, எந்த நிகழ்வுக்கும் காரணம் ஒன்று உண்டு என்பது அனுபவத்தால் பெறப்பட்ட ஒரு செய்தியல்ல. அனுபவம் என்ற ஒன்று சாத்தியமாவதற்கே அது முன்நிபந்தனை. குவாண்டம் பௌதிகமோ, ஒரு கதிரியக்க அணு எந்தக் கணத்தில் சிதையும் என்பதற்கு நிகழ்தகவைத் தவிர வேறெதையும் தருவதில்லை. அந்தக் கணத்தைத் தீர்மானிக்கும் காரணம் எமது கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருக்கலாம் அல்லவா? இன்று நாம் ‘மறை மாறிகள்’ என்று அழைப்பது இதைத்தான்.

1932 இல் ஜோன் வொன் நோய்மன் வெளியிட்ட, குவாண்டம் பௌதிகத்தின் கணித அடிப்படைகள் பற்றிய நூல் இந்த வழியை அடைத்துவிட்டதாகக் கருதப்பட்டது. அப்போதே அவர் தலைமுறையின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவராக மதிக்கப்பட்டவர். ஹேர்மானைவிட 2 வயது இளையவர். மறை மாறிகள் குவாண்டம் பௌதிகத்தோடு ஒத்துப்போக முடியாது என்று அந்நூலில் அவர் ஒரு நிறுவலைத் தந்தார்.

1933 இல் ஹேர்மான், காரணகாரியத்தைக் கைவிடும் கட்டாயம் எதுவும் இல்லை என்று வாதிடும் ஒரு பிரதியை எழுதிக் கேம்பிறிட்ஜிலிருந்த போல் டிராக்குக்கு அனுப்பினார். அப்பிரதி மிகப் பிற்காலத்தில் டிராக்கின் ஆவணங்களிடையே கண்டெடுக்கப்பட்டது. 1934 இல் அவர் லைப்சிக் சென்று ஹைசன்பேர்க்குடனும் வைட்செக்கருடனும் நேருக்குநேர் வாதிட்டார். இந்த உரையாடல்களின் விளைவாக 1935 மார்ச்சில், பிறீஸ் மரபினரின் மெய்யியல் இதழில், குவாண்டம் பௌதிகத்தின் இயற்கை மெய்யியல் அடிப்படைகள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதன் ஒரு பகுதியில் அவர் வொன் நோய்மனின் நிறுவலை எடுத்துப் பிரித்துப்பார்த்தார். அது ஒரு வட்டத்துக்குள் சுழல்கிறது என்பது அவரது முடிவு.

4

அந்தப் பிழையைக் கணிதக் குறியீடுகள் இல்லாமலே விளங்கிக்கொள்ளலாம். இரண்டு கணியங்களின் கூட்டுத்தொகையின் சராசரி, அவற்றின் சராசரிகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது வொன் நோய்மன் பயன்படுத்திய எடுகோள்களில் ஒன்று. பாடசாலையில் படித்த எவருக்கும் இது சொல்லத் தேவையில்லாத உண்மை. ஒரு வகுப்பு மாணவரின் கணிதப் புள்ளிகளின் சராசரியையும் தமிழ்ப் புள்ளிகளின் சராசரியையும் கூட்டினால், இரண்டினதும் மொத்தப் புள்ளிகளின் சராசரி வந்துவிடும்.

குவாண்டம் பௌதிகத்தில் நிலைமை வேறு. ஒரு அணுவிலுள்ள இலத்திரனின் சக்தி இரண்டு பகுதிகளின் கூட்டு: இயக்கசக்தி உந்தத்தைப் பொறுத்தது, அழுத்தசக்தி தானத்தைப் பொறுத்தது. உந்தத்தையும் தானத்தையும் ஒரே நேரத்தில் திருத்தமாக அளக்கமுடியாது. ஆகவே மொத்தச் சக்தியை, இரண்டையும் தனித்தனியே அளந்து கூட்டிப் பெறமுடியாது. அதற்கு முற்றிலும் வேறான ஒரு பரிசோதனை தேவை. மூன்று வேறு பரிசோதனைகளின் சராசரிகள் ஒன்றோடொன்று கூட்டல் விதிப்படி இணங்குகின்றன என்றால், அது தர்க்கத்தால் வந்ததல்ல. குவாண்டம் பௌதிகம் விவரிக்கும் நிலைகளுக்கு அப்படி இருப்பதாக அக்கோட்பாடு சொல்கிறது, அவ்வளவுதான்.

ஹேர்மானின் கேள்வி இந்த இடத்தில் எழுகிறது. மறைந்திருக்கும் ஏதோ ஒரு இயல்பின்படி இலத்திரன்களை மேலும் சிறு பிரிவுகளாகப் பிரிக்க முடியும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தச் சிறு பிரிவுகளுக்கும் அதே கூட்டல் விதி பொருந்தும் என்று எப்படித் தெரியும்? பொருந்தும் என்று நிறுவல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அப்படி எடுத்துக்கொள்வது, குவாண்டம் பௌதிகம் அறியாத இயல்புகள் எதுவும் இல்லை என்று முன்கூட்டியே சொல்வதற்குச் சமம். நிறுவவேண்டிய முடிவு எடுகோளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இதே இடத்தை 31 ஆண்டுகளின் பின், 1966 இல் பிரசுரமான கட்டுரையில், வட அயர்லாந்தவரான ஜோன் பெல் தொட்டார். அவர் தந்த எடுத்துக்காட்டு இன்னும் எளிமையானது. பொருத்தமான அலகில், ஒரு இலத்திரனின் தற்சுழற்சியை ஒரு திசையில் அளந்தால் +1 அல்லது −1 வரும். அதற்குச் செங்குத்தான திசையிலும் அப்படியே. இரண்டினதும் கூட்டாக வரையறுக்கப்படும் கணியத்தை, இரு திசைகளுக்கும் நடுவே கருவியை வைத்து அளக்கவேண்டும். அதன் விடையோ ஏறத்தாழ +1.414 அல்லது −1.414. இரண்டு ஒன்றுகளை எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் 1.414 வராது. தனித்தனி இலத்திரனுக்குக் கூட்டல் விதியைக் கோருவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை இது காட்டுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தன் எடுகோளின் தன்மையை வொன் நோய்மன் நன்கு அறிந்திருந்தார், பிற்காலத்தவர் அவர் தலையில் ஏற்றிய அளவு பெரிய உரிமையை அவர் கோரவில்லை என்று 2010 இல் ஜெஃப்ரி பப் வாதிட்டார். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த நிறுவல் பல ஆண்டுகளாக எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பது வேறு விடயம். “வழியில்லை என்று வொன் நோய்மன் நிறுவிவிட்டார்” என்ற வசனம் கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கப் போதுமானதாக இருந்தது.

5

ஹேர்மானின் கதையை, ஒரு பெண், அதுவும் நாசிகளின் எதிரி, உண்மையைச் சொன்னார், உலகம் செவிமடுக்கவில்லை என்று எழுதுவது இலகு. அப்படி எழுதப்பட்டும் வருகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த வாசிப்பில் எனக்கு முக்கியமாகப்படும் ஒன்று தவறிப்போகிறது.

லைப்சிக்குக்குப் போகும்போது ஹேர்மானுக்கு வொன் நோய்மனின் நிறுவலை உடைப்பதில் ஆதாயம் இருந்தது. அது உடைந்தால் மறைந்திருக்கும் காரணங்களுக்கு இடம் பிறக்கும், காண்ட் காப்பாற்றப்படுவார். ஆனால் 1935 கட்டுரையை எழுதும்போது அவர் வேறு இடத்துக்கு வந்திருந்தார். மறை மாறிகளைத் தேடுவது வீண் என்று அவரே இப்போது கருதினார். அதற்கு அவர் சொன்ன காரணம் முற்றிலும் சொந்தமானது: ஒரு அளவீடு நடந்து முடிந்தபின், அந்த அவதானத்தின் சூழலுக்குள் நின்று, கிடைத்த விடைக்கான காரணத் தொடரைப் பின்னோக்கிக் கட்டியெழுப்ப முடியும். முன்கூட்டி எதிர்வுகூற முடியாது என்பதால் காரணமே இல்லை என்றாகாது. காரணகாரியம் வேறு, எதிர்வுகூறல் வேறு. குவாண்டம் பௌதிகம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதே தவிர, காரணகாரியத்தை மறுக்கவில்லை.

ஆக, வொன் நோய்மன் அடைந்த முடிவும் ஹேர்மான் அடைந்த முடிவும் இப்போது ஒரே திசையில் இருந்தன. ஹைசன்பேர்க்கும் வைட்செக்கரும்கூட அதே பக்கத்தில்தான். அந்த நிறுவலை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால் அவருக்கு ஒரு நட்டமும் வந்திராது. இருந்தும் நிறுவல் பிழை என்று எழுதினார். முடிவு சரியென்று நான் நம்புவதற்கு என் காரணம் இது, அவர் தந்த காரணம் அல்ல என்று இரண்டையும் பிரித்துவைத்தார். கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுப்பிய கேள்விக்கு அவர் தந்த பதில் இதுவே.

6

அந்தப் பதில் ஏன் கேட்கப்படவில்லை? கட்டுரை வெளிவந்தது, ஒரு மெய்யியல் மரபினரைத் தவிர வேறெவரும் அதிகம் வாசிக்காத இதழில். பௌதிகவியலாளர் வாசிக்கும் வார இதழொன்றில் அதே ஆண்டு அதன் சுருக்கம் வந்தபோது, வொன் நோய்மன் பற்றிய பகுதி அதில் இடம்பெறவில்லை. குவாண்டம் பௌதிகத்தைப் பயன்படுத்திக் கணித்துக்கொண்டிருந்த பெரும்பாலானோருக்கு அந்த நிறுவல் சரியா பிழையா என்பது பொருட்டாகவும் இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பேசித்திரிய ஹேர்மானே அந்த உலகில் இருக்கவில்லை.

1936 இல் அவர் டென்மார்க்குக்குச் சென்றார். மின்னா ஸ்பெக்ட் தன் பாடசாலையை அங்கு நகர்த்தியிருந்தார். பின்னர் பாரிஸ், அதன்பின் இலண்டன். 1938 இல் எட்வேர்ட் ஹென்றி என்ற பிரித்தானியரைப் பெயரளவில் மணம்செய்துகொண்டார். அன்றைய சட்டப்படி அத்திருமணம் அவரைப் பிரித்தானியப் பிரசையாக்கியது. அதன் பெறுமதி 1940 இல் தெரிந்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜேர்மனியரையே எதிரி நாட்டவர் என்று பிரித்தானியா அடைத்துவைத்த அந்த ஆண்டில், ஸ்பெக்ட் மான் தீவின் முகாமில் வைக்கப்பட்டார். கடவுச்சீட்டுக்காகப் பெயர் மாறிய மனிதர்களை எமக்கும் தெரியும். ஹேர்மானின் எழுத்துகள் அதன்பின் ஹென்றி என்ற பெயரிலும் வந்ததால், நூலகப் பட்டியல்களில் அவர் இரண்டு பேராகப் பிரிந்துபோனார்.

இதற்கிடையில் 1952 இல் டேவிட் போம், இயலாது என்று சொல்லப்பட்ட மறை மாறிக் கோட்பாடு ஒன்றை உருவாக்கியே காட்டினார். அமெரிக்காவின் கம்யூனிச வேட்டையில் வேலையிழந்து பிறேசிலுக்குப் போகநேர்ந்தவர் அவர். போமின் கட்டுரைகளே பெல்லைச் சிந்திக்கவைத்தன. பெல் அந்த நிறுவலைத் தள்ளிவைத்தபின்தான், மறை மாறிகள் இருந்தால் அவை எப்படிப்பட்டவையாக இருக்கவேண்டும் என்ற அடுத்த கேள்வியைக் கேட்க முடிந்தது. 1964 இல் பிரசுரமான அவரது சமனிலி அதிலிருந்து பிறந்தது. அதைப் பரிசோதித்த அஸ்பே, குளோசர், ஸைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களது பரிசோதனைகள், நாம் எளிதாகக் கற்பனை செய்யும் வகை மறை மாறிகளை, அதாவது தூரத்து நிகழ்வுகளால் உடனடியாகப் பாதிக்கப்படாதவற்றை, மறுக்கின்றன. பிழையான நிறுவல் சொன்ன முடிவின் ஒரு பகுதி பின்னர் சரியான வழியில் வந்துசேர்ந்தது எனலாம். ஆனால் அந்த வழியில் வந்ததால் எமக்குத் தெரியவந்தது மிக அதிகம்.

7

ஹேர்மான் 1946 இல் பிறேமனுக்குத் திரும்பி, ஆசிரியர்களைப் பயிற்றும் உயர்கல்லூரியைக் கட்டியெழுப்புவதில் ஈடுபட்டு, அங்கே பேராசிரியராகவும் இருந்தார். அவரது கழகம் 1945 இல் சமூக ஜனநாயகக் கட்சியோடு இணைந்திருந்தது. 1953 இல், நெல்சன் நினைவு மலரில், ஒழுக்கவியலை விஞ்ஞானம்போல ஐயத்துக்கிடமின்றி நிறுவிவிட்டதாக நெல்சன் கோரிய உரிமையை அவர் விமர்சித்து எழுதினார். அவர் இளமை முழுவதையும் கொடுத்த ஆசானின் நிறுவல் அது. அவர் அந்த ஒழுக்கவியலைக் கைவிடவில்லை. நீதிக்கான கடப்பாடு உண்மையானது என்றே கடைசிவரை கருதினார். நிறுவல் அந்த அளவுக்குத் தாங்காது என்றார். அவரது தோழர் வில்லி ஐக்லர் முன்னின்று உருவாக்கிய 1959 கோடெஸ்பேர்க் வேலைத்திட்டத்திலும் ஹேர்மானின் பங்கு உண்டு. இறுதி உண்மைகளைப் பிரகடனம் செய்ய விரும்பவில்லை என்று ஒரு சோஷலிசக் கட்சி தன் வேலைத்திட்டத்திலேயே எழுதிக்கொண்டது அப்போதுதான். அந்த வேலைத்திட்டம் மார்க்சியத்தைக் கைவிட்டது என்ற விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனாலும் அறிவில் சிறந்த தலைமை என்று தொடங்கிய ஒரு குழு இந்த இடத்துக்கு வந்துசேர்ந்த பயணத்தை அலட்சியம் செய்யமுடியாது. ஹேர்மான் 1984 இல் பிறேமனில் காலமானார். அவரது பௌதிக மெய்யியல் எழுத்துகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளுடன் ஒரு முழுத் தொகுப்பு வெளிவந்தது 2016 இல்.

இதிலிருந்து எமக்கு என்ன? கணிதத்தில் “வேறு வழியில்லை” என்பது ஒரு தேற்றம். எமது அரசியலில் அது ஒரு கட்டளையாக இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. எமது விவாதங்களில் உயிர்கள் பணயமாக இருந்தன. ஆனால் “வேறு வழியில்லை” என்ற வாதம் கட்டப்படும் விதம் இரண்டிலும் ஒத்திருக்கிறது: மாற்றுகள் எவையும் இல்லை என்பதை எடுகோளில் வைத்துவிட்டு, அதையே முடிவாக வெளியே எடுப்பது. அதைக் கண்டுபிடிக்க எதிர்ப்பக்கத்தில் நிற்கவேண்டிய அவசியமில்லை. சொல்லப்போனால் அந்த முடிவோடு உடன்படுபவர்கள்தான் அதை முதலில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். எதிர்ப்பக்கத்தவர் சொன்னால் அது பகை என்று தள்ளப்பட்டுவிடும். உள்ளே இருப்பவர் சொல்லும்போது வாதத்தையே பார்க்கவேண்டிவரும்.

சில நூறு பேர் வாசிக்கும் ஒரு இதழில் இதையெல்லாம் எழுதி என்ன பயன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஹேர்மானின் கட்டுரையும் அப்படியொரு இதழில்தான் வந்தது. அது வொன் நோய்மனின் செல்வாக்கைத் தடுத்துநிறுத்தவில்லை. பெல் அதை வாசித்துத் தன் முடிவுக்கு வரவுமில்லை. ஆனால் அச்சில் இருந்ததால்தான், 1935 இலேயே இந்தக் கேள்வி கேட்கப்பட்டது, கேட்கமுடியாத கேள்வியாக அது இருக்கவில்லை என்று இன்று எம்மால் சொல்லமுடிகிறது. ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்ற சாட்டை அது பொய்யாக்குகிறது. எமது காலத்தைப் பற்றியும் பின்னால் வருபவர்கள் இதே கேள்வியைக் கேட்பார்கள். நாம் உடன்பட்ட முடிவுகளுக்காக எந்தெந்தப் பிழையான நிறுவல்களைச் சோதிக்காமல் விட்டோம் என்பதை இந்தப் பக்கங்களில் பேசத் தொடங்குவோம் என்பதே எனது வேண்டுகோள்.